வீட்டில் லிக்விட் சோப்பு: சிறிய அளவில் செய்வதும் பத்திரப்படுத்துவதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இங்கே பேசப்போவது எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சும் சோப்பைப் பற்றி. ரெடிமேட் பவுடரை வாங்கித் தண்ணீரில் கரைக்கும் முறை வேறு. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சோப்பை பேஸ்ட்டாகச் செய்து பேஸ்ட்டாகவே வையுங்கள். பாட்டிலுக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பதில்களில் பாதி, சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

கட்டி சோப்புக்கும் லிக்விட் சோப்புக்கும் அடிப்படையில் என்ன வேறுபாடு?

காரம்தான் வேறு. காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, எண்ணெயோடு சேர்ந்தால் வரும் சோப்பு இறுகிக் கட்டியாகிவிடும். காஸ்டிக் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, சேர்ந்தால் வருவது மிருதுவாகவே இருக்கும்; தண்ணீரில் சுலபமாகக் கரையும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அதே எடையில் போட முடியாது. 40 கிராம் காஸ்டிக் சோடா செய்யும் வேலைக்கு 56 கிராம் காஸ்டிக் பொட்டாஷ் வேண்டும்.

மிஞ்சிய சோப்புத் துண்டுகளைத் துருவி வெந்நீரில் கரைத்தால் லிக்விட் சோப்பு ஆகாதா?

சூடாக இருக்கும்வரை ஆகும். ஆறியதும் கொழகொழவென்று நூல் இழுக்கும், மறுநாள் பம்ப்பில் அடைத்துக்கொள்ளும். அது சோடியம் சோப்பின் குணம். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் மாறாது. தண்ணீர் அதிகம் என்பதால் சீக்கிரம் கெட்டும் போகும். துண்டுகளை வீணாக்க மனமில்லை என்றால் துணி துவைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

காஸ்டிக் இல்லாமல் செய்யவே முடியாதா?

முடியாது. காரம் எண்ணெயை உடைத்து, சோப்பாகவும் கிளிசரினாகவும் மாற்றுகிறது. ஒழுங்காகக் கணக்குப் போட்டுச் செய்த சோப்பில் கடைசியில் காஸ்டிக் மிச்சம் இருக்காது. சமையல் சோடா இந்த வேலைக்குப் போதாது, அதன் காரம் மிகவும் மென்மையானது. விறகுச் சாம்பலை ஊறவைத்து வடித்த நீரில் முற்காலத்தில் சோப்பு செய்தார்கள் என்பது உண்மைதான். அதில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட். அதன் வலிமை ஒவ்வொரு சாம்பலுக்கும் மாறும் என்பதால் கணக்கே போட முடியாது.

"கெமிக்கல் இல்லாத சோப்பு" என்று சிலர் எழுதுவதைப் பொருட்படுத்த வேண்டாம். சோப்பே ஒரு வேதிப்பொருள்தான்.

எவ்வளவு சிறிய அளவில் செய்யலாம்? 100 கிராம் எண்ணெயில் செய்து பார்க்கலாமா?

சாதாரணச் சமையலறைத் தராசு வைத்திருந்தால் வேண்டாம். 100 கிராம் எண்ணெய்க்குச் சுமார் 24 கிராம் காஸ்டிக் பொட்டாஷ் போகும். தராசு ஒரு கிராம் தவறினாலே கணக்கு 4 சதவீதம் பிசகிவிடும். லிக்விட் சோப்பில் காரம் மிஞ்சாமல் இருக்க நாம் குறைத்துவிடும் இடைவெளியே 2 சதவீதம்தான். அதே ஒரு கிராம் பிழை 500 கிராம் எண்ணெயில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, ஒன்றும் ஆகாது. 0.1 கிராம் வரை காட்டும் தராசு இருந்தால் 100 கிராமிலும் தாராளமாகச் செய்யலாம். இல்லையென்றால் 500 கிராமிலிருந்து தொடங்குங்கள். பேஸ்ட் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் என்பதால் அதிகமாகிவிடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. கரைக்கும்போது சிக்கனமாக இருந்தால் போதும்.

எந்த எண்ணெய் நல்லது?

தேங்காய் எண்ணெய் நன்றாக நுரைக்கும், அழுக்கை நன்றாக எடுக்கும், தெளிவான சோப்பைத் தரும். ஆனால் அது மட்டுமே இருந்தால் கை வறண்டுபோகும். ஆலிவ் எண்ணெய் மென்மையானது, நுரை குறைவு. விளக்கெண்ணெய் 10 சதவீதம் சேர்த்தால் நுரை நிலைத்து நிற்கும், சோப்பு தெளிவாகக் கரையவும் உதவும். சூரியகாந்தி எண்ணெய் போன்றவற்றை நிறையச் சேர்த்தால் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். பாமாயில், ஷியா, கோகோ போன்ற வெண்ணெய் வகைகள் சோப்பைக் கலங்கலாக்கிவிடும். லிக்விட் சோப்புக்கு நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பாதி தேங்காய் எண்ணெய், 40 சதவீதம் ஆலிவ், 10 சதவீதம் விளக்கெண்ணெய். கை கழுவவும் குளிக்கவும் இது போதும்.

காஸ்டிக் எவ்வளவு போடுவது? கணக்கைக் காட்ட முடியுமா?

ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு எண் உண்டு. ஒரு கிராம் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற எத்தனை கிராம் தூய காஸ்டிக் பொட்டாஷ் வேண்டும் என்பதே அது. தேங்காய் எண்ணெய்க்கு ஏறக்குறைய 0.257, ஆலிவுக்கு 0.190, விளக்கெண்ணெய்க்கு 0.180. 500 கிராமுக்கு இப்படி வரும்:

தேங்காய் எண்ணெய் 250 × 0.257 = 64.25
ஆலிவ் எண்ணெய் 200 × 0.190 = 38
விளக்கெண்ணெய் 50 × 0.180 = 9

மொத்தம் 111.25 கிராம். இதில் 2 சதவீதம் குறைத்தால் 109 கிராம். அதாவது கொஞ்சம் எண்ணெயை மாறாமல் விட்டுவைக்கிறோம், காரம் மிஞ்சாமல் இருக்க. கட்டி சோப்பில் வழக்கமாக 5 சதவீதமோ அதற்கு மேலுமோ விடுவார்கள். இங்கே அவ்வளவு விட்டால் எண்ணெய் மேலே மிதக்கும்.

கணக்கு இன்னும் முடியவில்லை. பொட்டாஷ் தூய்மையானதாகக் கிடைப்பது அரிது. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டப்பாவில் 90 சதவீதம் என்று போட்டிருந்தால் 109 ÷ 0.90, அதாவது 121 கிராம் எடுக்க வேண்டும். 85 சதவீதம் என்றால் 128 கிராம். இந்த ஏழு கிராமை விட்டுவிட்டுத்தான் பலர் "சோப்பு ஆகவே மாட்டேன் என்கிறது" என்று திணறுகிறார்கள். இணையத்தில் இதற்கான கால்குலேட்டர்கள் இருக்கின்றன. அவற்றில் தூய்மை எவ்வளவு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

காஸ்டிக்கைக் கரைக்க அதன் எடையைப்போல் மூன்று மடங்கு தண்ணீர், இங்கே 363 கிராம். எல்லாவற்றையும் எடையில் அளந்தெடுங்கள், கப்பில் வேண்டாம்.

எந்தத் தண்ணீர்?

காய்ச்சி வடித்த நீர், அதாவது டிஸ்டில்டு வாட்டர். கடின நீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகப் படியும், சோப்பும் கலங்கும். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். கிருமி சாகும், உப்புகளில் பெரும்பகுதி அப்படியே இருக்கும்.

உங்கள் வீட்டில் கை கழுவும் தண்ணீரே உப்பாக இருந்தால் செய்முறையில் 10 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்க்கலாம், பிசுக்கு குறையும். ஆனால் அமிலம் காரத்தைத் தின்றுவிடும். அதற்கு ஈடாக 90 சதவீதப் பொட்டாஷ் என்றால் கூடுதலாக 9.7 கிராம் போட வேண்டும்.

பாத்திரம் எது?

எவர்சில்வர். அலுமினியம் கூடவே கூடாது: காரத்தோடு சேர்ந்தால் பாத்திரம் அரித்து, தீப்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளியேறும். உள்ளே பூச்சுள்ள நான்ஸ்டிக் பாத்திரங்களும் பெரும்பாலும் அலுமினியம்தான். காஸ்டிக்கைக் கரைக்க கனமான எச்டிபிஇ அல்லது பாலிப்ரொப்பிலீன் வகை பிளாஸ்டிக் ஜக் நல்லது. கண்ணாடி வேண்டாம், திடீர்ச் சூட்டில் விரிசல் விடலாம். சோப்புக்கு எடுத்ததை அப்புறம் சமையலுக்குத் திருப்பாதீர்கள்.

காஸ்டிக்கைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. எப்படிக் கையாள்வது?

பயம் இருப்பது நல்லதுதான். கண்ணாடி, அதாவது பக்கவாட்டிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி. ரப்பர் கையுறை, முழுக்கை சட்டை, மூடிய செருப்பு. ஜன்னல் திறந்திருக்கட்டும். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அந்த அறையில் இருக்கக் கூடாது.

குளிர்ந்த தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். பொட்டாஷ் கரையும்போது சடசடவென்று சத்தம் கேட்கும், நன்றாகச் சூடேறும். அது இயல்பு.

தோலில் பட்டால் துணியைக் களைந்துவிட்டு ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். வினிகர் ஊற்றாதீர்கள், தண்ணீர் செய்யும் வேலையை அது தாமதப்படுத்தும். கண்ணில் பட்டால் கழுவத் தொடங்கிவிட்டு உடனே மருத்துவரிடம் போக ஏற்பாடு செய்யுங்கள், எரிச்சல் குறைந்துவிட்டது என்று விட்டுவிட வேண்டாம்.

சரி, செய்முறை?

எண்ணெய்களை எவர்சில்வர் பாத்திரத்தில் எடுத்து, இன்னொரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதற்குள் இதை இறக்கி, சுமார் 70 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். கரைத்து வைத்த காஸ்டிக் நீரை மெதுவாக ஊற்றி ஹேண்ட் பிளெண்டரால் அடியுங்கள். முதலில் பால் நிறமாகும், பிறகு பிரியும், மறுபடி சேரும். விட்டுவிட்டு அடியுங்கள், மோட்டார் சூடாகாமல் இருக்கும். ஒரு கட்டத்தில் பிளெண்டர் ஓடவே முடியாத அளவுக்குக் கெட்டியாகும். அதற்குமேல் கரண்டிதான்.

மூடி போட்டுச் சிறு தீயில் வேகவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை கிளறினால் போதும். வெளியே உள்ள பாத்திரத்தில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளையாக இருந்த மாவு மெல்ல மெல்ல ஒளி ஊடுருவும் பதத்துக்கு மாறும். முடிவில் வாஸ்லின் போல மங்கிய கண்ணாடித் தன்மையோடு இருக்கும். மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம். அவசரத்துக்குத் தீயைக் கூட்டினால் பொங்கி வழியும், அவ்வளவுதான் லாபம்.

நேரத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. காஸ்டிக்கை அதன் எடைக்குச் சமமான தண்ணீரில் கரைத்துவிட்டு, மீதித் தண்ணீருக்குப் பதில் அதே எடைக்குக் கிளிசரினை எண்ணெயோடு சேருங்கள். நம் கணக்கில் 121 கிராம் தண்ணீர், 242 கிராம் கிளிசரின். சீக்கிரம் கெட்டியாகும், கைக்கும் இதமாக இருக்கும். நேரடியாகக் கிளிசரினில் காஸ்டிக்கைக் காய்ச்சிக் கரைக்கும் முறையும் உண்டு. அதன் சூடு ஆபத்தானது, வீட்டுக்கு வேண்டாம்.

வெந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

ஒரு ஸ்பூன் பேஸ்ட்டை இரண்டு ஸ்பூன் கொதிநீரில் முழுதாகக் கரைத்துக் கண்ணாடிக் குவளையில் ஆறவிடுங்கள். தெளிவாக இருந்தால் முடிந்தது. பால் போல் கலங்கினால் எண்ணெய் இன்னும் மாறவில்லை, மேலும் ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். அதற்குப் பிறகும் கலங்கினால் காஸ்டிக் குறைந்திருக்கிறது என்று பொருள்.

காரம் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க, காரத்தில் நிறம் மாறும் பினாப்தலீன் கரைசல் உதவும். தண்ணீரில் கரைத்த சோப்பில் ஒரு துளி விட்டால் நிறமில்லாமலோ வெளிறிய இளஞ்சிவப்பாகவோ இருப்பது சரி. பளீரென்று அடர் இளஞ்சிவப்பாக மாறினால் காரம் மிச்சம். தண்ணீருக்குப் பதில் ஆல்கஹாலில் கரைத்துப் பார்த்தால் முடிவு இன்னும் நம்பகமானது. நாக்கில் தொட்டுப் பார்க்கும் முறையைச் சிலர் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். பிஹெச், அதாவது அமில, கார அளவைக் காட்டும் காகிதப் பட்டைகள் சோப்பில் குறைத்துக் காட்டும்.

பிஹெச்சை 7-க்குக் கொண்டுவர முடியுமா? தோலின் பிஹெச் 5.5 என்கிறார்களே?

சோப்பு என்றால் அதன் பிஹெச் 9 முதல் 10.5 வரைதான். எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றி இறக்கினால் சோப்பு உடைந்து கொழுப்பு அமிலமாகப் பிரியும். கலங்கி, மேலே வெள்ளையாக மிதக்கும். பிஹெச் 5.5 வேண்டுமென்றால் அது டிடர்ஜென்ட் வகைக் கழுவிதான், சோப்பு அல்ல. மிஞ்சிய காரத்தைச் சரிசெய்ய மட்டும் சிட்ரிக் அமிலக் கரைசலைத் துளித்துளியாகச் சேர்க்கலாம். ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் சுமார் 0.88 கிராம் காரத்தைச் சமன்செய்யும்.

தண்ணீர் எவ்வளவு கலப்பது?

இந்தச் செய்முறைக்கு 100 கிராம் பேஸ்ட்டுக்கு 100 கிராம் தண்ணீரில் தொடங்குங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து, பேஸ்ட்டைப் பிய்த்துப் போட்டு, மூடி ஓர் இரவு விட்டுவிடுங்கள். கிண்டிக்கொண்டே இருந்தால் நுரைதான் மிஞ்சும். காலையில் மேலே கெட்டியான ஆடை படிந்திருந்தால் தண்ணீர் போதவில்லை. இன்னும் 10 கிராம் ஊற்றுங்கள், பாருங்கள், தேவையானால் மறுபடி 10. ஆலிவ் அதிகமுள்ள பேஸ்ட் கூடுதல் தண்ணீர் கேட்கும், தேங்காய் எண்ணெய் மட்டும் உள்ளது குறைவாகக் கேட்கும். நுரை பம்ப் பாட்டிலுக்கு என்றால் ஒரு பங்கு பேஸ்ட்டுக்கு மூன்று பங்கு தண்ணீர் வரை போகலாம்.

ஊற்றிய தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் எப்போதும் குறைவிலிருந்து மேலே போங்கள், எடையைக் குறித்துவையுங்கள். அடுத்த முறை ஒரே தடவையில் சரியாக வரும்.

லேசான கலங்கல் இருந்தால் ஒன்றிரண்டு வாரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் படிந்ததை விட்டுவிட்டுத் தெளிந்ததை இறுத்துக்கொள்ளலாம். கலங்கலான சோப்பும் கையைச் சுத்தமாகத்தான் கழுவும் என்பதை மறக்க வேண்டாம்.

கடையில் வாங்குவது போல் கெட்டியாக வரவில்லையே?

கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை சோப்பே அல்ல, எஸ்எல்இஎஸ் போன்ற டிடர்ஜென்ட்கள். அவை உப்பு சேர்த்தால் கெட்டியாகும். நம் சோப்பிலும் ஆலிவ் அதிகமாக இருந்தால் உப்பு வேலை செய்யும்: 20 கிராம் உப்பை 80 கிராம் தண்ணீரில் கரைத்து, சில துளிகளாக விட்டுக் கலக்க வேண்டும். அளவு தாண்டினால் திரும்பவும் நீர்த்துவிடும் அல்லது பிரிந்துவிடும். தேங்காய் எண்ணெய் அதிகமான சோப்பில் உப்பு பலிக்காது, அதற்கு சாந்தன் கம் என்ற கெட்டியாக்கும் பொடியை அரை சதவீதம் முதல் ஒரு சதவீதம் வரை சேர்க்கலாம். முதலில் கிளிசரினில் குழைத்துவிட்டுச் சேர்த்தால் கட்டி விழாது. என்னைக் கேட்டால், நுரை பம்ப் வாங்கிவிட்டால் கெட்டி என்ற கவலையே போய்விடும்.

மணம், நிறம்?

சோப்பு கரைந்து ஆறிய பிறகு வாசனை எண்ணெய் 1 முதல் 2 சதவீதம் வரை. கலங்கினால், எண்ணெயைத் தண்ணீரில் கலக்க உதவும் பாலிசார்பேட் 20-இல் அதே அளவு எடுத்து, அதில் கலந்து சேருங்கள். நிறம் வேண்டுமானால் தண்ணீரில் கரையும் சாயம். பொடி வகை நிறமிகள் அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

லிக்விட் சோப்பு கெட்டுப்போகுமா? காரத்தில் கிருமி வளராது என்கிறார்களே?

பேஸ்ட்டில் தண்ணீர் குறைவு, காரம் அதிகம், கிருமிகள் வாழ்வது கடினம். காய்ச்சி வடித்த நீரில் கெட்டியாகக் கரைத்த வெறும் சோப்பும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆனால் தண்ணீர் கூடக்கூட நிலைமை மாறுகிறது. பிஹெச் 9-ஐத் தாங்கும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் உண்டு. கற்றாழைச் சாறு, பால், தேன், மூலிகைக் கஷாயம் என்று எதையாவது சேர்த்துவிட்டால் அவற்றுக்கு உணவும் கொடுத்ததாகிவிடும். இவை வேண்டவே வேண்டுமென்றால், அன்றன்று கையில் எடுக்கும் சோப்போடு கலந்து பயன்படுத்துங்கள், பாட்டிலுக்குள் வேண்டாம்.

ப்ரிசர்வேட்டிவ், அதாவது கிருமி வளராமல் தடுக்கும் பொருள், சேர்ப்பதென்றால் எது என்பது முக்கியம். பொட்டாசியம் சார்பேட், சோடியம் பென்சோவேட் இரண்டும் அமிலச் சூழலில் மட்டுமே வேலை செய்பவை. சோப்பில் போட்டால் போடாததற்குச் சமம். பினாக்ஸிஎத்தனால் அடிப்படையிலான கலவைகள் பொருந்தும். விவரத் தாளில் பிஹெச் 10 வரை செயல்படும் என்று இருக்கிறதா பார்த்து, சொல்லியுள்ள சதவீதத்தில், சோப்பு ஆறிய பிறகு சேருங்கள். வைட்டமின் ஈ, ரோஸ்மேரி சாறு ஆகியவை எண்ணெய் சிக்கு அடிப்பதைத் தள்ளிப்போடும், கிருமியைத் தடுக்காது. வாசனை எண்ணெய்களையும் அந்த நம்பிக்கையில் சேர்க்க வேண்டாம்.

எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

பேஸ்ட் காற்றுப் புகாத டப்பாவில், வெயில் படாத குளிர்ந்த இடத்தில் ஓராண்டு வரை நன்றாகவே இருக்கும். ப்ரிசர்வேட்டிவ் இல்லாமல் கரைத்ததை இரண்டு மூன்று வாரங்களில் முடிக்கும் அளவுக்கு மட்டும் கரையுங்கள். 100 கிராம் பேஸ்ட் ஒரு சிறிய பம்ப் பாட்டிலுக்குப் போதும். ஃபிரிட்ஜில் வைத்தால் சோப்பு கலங்கி இறுகலாம், அறைச் சூட்டுக்கு வந்ததும் பழையபடி ஆகும். ஆனால் சாப்பிடும் பொருளுக்குப் பக்கத்தில் சோப்பை வைப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

புளித்த வாடை, மேலே பூஞ்சணம், கரும்புள்ளி, நிறம் மாறுதல், திடீரென்று நீர்த்துப்போதல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கொட்டிவிடுங்கள். சூடாக்கி மீட்கப் பார்க்க வேண்டாம்.

எந்த டப்பா, எந்த பாட்டில்?

பேஸ்ட்டுக்கு வாயகன்ற எச்டிபிஇ அல்லது கண்ணாடி ஜாடி, மூடி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். உலோக மூடி துருப்பிடிக்கும். கரைத்த சோப்புக்கு பெட் (PET) பிளாஸ்டிக் அல்லது எச்டிபிஇ பம்ப் பாட்டில். பானம் வந்த பாட்டிலில் ஊற்றாதீர்கள், யாராவது குடித்துவிடுவார்கள். பெயர், செய்த தேதி, கரைத்த தேதி, பேஸ்ட்டும் தண்ணீரும் என்ன விகிதம் என்பதை எழுதி ஒட்டுங்கள்.

பாட்டில் முடியும்போது மேலேயே ஊற்றி நிரப்பலாமா?

கூடாது. பழையதில் ஏதாவது வளர்ந்திருந்தால் புதியதும் கெடும். பாதி காலியான சோப்பு டிஸ்பென்சரில் மேலே ஊற்றாதீர்கள் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2002-இல் வெளியிட்ட கைச் சுகாதார வழிகாட்டியிலேயே இருக்கிறது. பாட்டிலையும் பம்ப் குழாயையும் வெந்நீரில் கழுவி, முழுதாகக் காய்ந்த பிறகு நிரப்புங்கள். இரண்டு பாட்டில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டால் காயும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இதை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்?

கைக்கும் உடம்புக்கும் நல்லது. பாத்திரம் கழுவலாம், கடின நீரில் வெள்ளைப் படலம் தெரியும். தலைக்குப் பலருக்கு ஒத்துவராது, முடி பிசுபிசுக்கும் அல்லது வறளும். கண்ணில் பட்டால் நன்றாகவே எரியும், அதனால் கைக்குழந்தைகளுக்கு வேண்டாம்.

மீந்த காஸ்டிக்கை என்ன செய்வது?

கரைக்காத செதில்களை வாங்கிய டப்பாவிலேயே இறுக்கி மூடி, பூட்டிய அலமாரியில் வையுங்கள். கட்டி தட்டியிருந்தால் ஈரம் இழுத்துவிட்டது, டப்பாவில் எழுதியுள்ள சதவீதத்தை இனி நம்ப முடியாது. அதைச் சோப்புக்கு எடுக்காமல் அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயைச் சுத்தம் செய்ய வைத்துக்கொள்ளலாம், குழாய் அலுமினியமாக இல்லாதவரை.